ஜூன் மாத சஸ்குவெஹானாவில் ஸ்மால்மவுத் பாஸ்: லூரை விடுங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். மெக்கானிக்ஸ்பர்க்குக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர் ஒருவர், ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டுப் பழகியவர், ஜூன் முதல் வாரத்தில் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் பக்கம் சஸ்குவெஹானா ஆற்றின் கரையில் நின்று இரண்டு சாயங்காலம் வீசிப் பார்த்திருக்கிறார். இந்த ஆற்றின் பேர்போன வேட்டை மீனான ஸ்மால்மவுத் பாஸ் ஒன்றுகூட மாட்டவில்லை. கயாக் என்ற சிறு துடுப்புப் படகு கிடையாது. எந்த லூர், அதாவது செயற்கை இரை, வாங்கினால் கடிக்கும் என்று கேட்கிறார்.

லூரைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது அப்புறம். கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் லூர்களில் பாதிக்கு மேல் இந்த ஆற்றில் இந்த மாதத்தில் மீன் பிடிக்கும், அதனால் நீங்கள் வாங்கியதும் அநேகமாகச் சரியான லூராகத்தான் இருக்கும். மீன் நிற்காத தண்ணீரில் அதை வீசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஹாரிஸ்பர்க்கில் இந்த ஆறு கரைக்குக் கரை ஏறக்குறைய ஒரு மைல் அகலம். அந்த அகலத்தைப் பார்த்ததும் கை தன்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசும். ஆனால் ஆழம் அதற்கு ஏற்ற மாதிரி கிடையாது, கோடையில் பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. ஆற்றின் அடி தட்டையாக இருக்கும் நீண்ட பரப்புகளில் மீன் சும்மா கடந்துபோகுமே தவிர நிற்காது. அது நிற்கும் இடங்கள் கொஞ்சம்தான், அவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம், சில உங்கள் காலடியிலிருந்து பதினைந்து அடி தூரத்திலேயே இருக்கும்.

முதலில் இந்த மாதத்தில் மீன் என்ன நிலைமையில் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி 60க்குப் பக்கத்தில் போகும்போது ஆண் மீன் இழுப்பு இல்லாத ஓரமாகப் போய், பாறைக்கோ விழுந்து கிடக்கும் மரத்துக்கோ பின்னால், வாலால் அடித்து அடித்து மண்ணைத் தள்ளி, கூழாங்கல் தெரியும்படி வட்டமாகக் கூடு கட்டும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஒரு பெண் சில ஆயிரம் முட்டைகள் இடும், பெரியதாக இருந்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். அதற்குப் பிறகு எல்லாம் ஆணின் பொறுப்பு. முட்டைக்குத் துடுப்பால் விசிறி விட்டுக்கொண்டு, பக்கத்தில் வரும் சிறு மீன்களையும் க்ரேஃபிஷ் என்ற கொடுக்குள்ள நன்னீர் இறாலையும் விரட்டிக்கொண்டு, கறுப்பாகப் பொடிப்பொடியாகக் குஞ்சு கிளம்பி அவை கலைந்துபோகும் வரைக்கும் அங்கேயே நிற்கும். நம் ஊர் விரால் தன் செங்குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், ஸ்மால்மவுத்தும் அந்த மாதிரித் தகப்பன்தான்.

இங்கே பெரும்பாலும் மே மாதத்தில் இது நடக்கிறது. வசந்தத்தில் மழை அதிகமாகி ஆறு குளிர்ந்து பெருகி ஓடினால் ஜூனுக்குள் தள்ளிப்போகும். ஆகவே ஜூன் முதல் வாரத்தில் ஆற்றில் இரண்டு வகை மீன் இருக்கும். ஒன்று, இன்னும் கூட்டையோ குஞ்சுகளையோ விட்டு நகராத ஆண்கள். இன்னொன்று, முட்டையிட்டு முடித்து அடுத்துள்ள மெதுவான ஆழத்தில் சில நாள் சோர்ந்து கிடந்துவிட்டு இப்போது பசியோடு கிளம்பும் பெண்கள், அவற்றோடு இன்னும் பருவம் வராத சிறுசுகள். நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

முதல் வகையைப் பிடிப்பது சுலபம், அதுதான் சங்கடம். கூட்டுக்கு மேல் எது போனாலும் ஆண் அதைக் கவ்வித் தூர எறியப் பார்க்கும், பசியால் அல்ல. அதைத் தூக்கி, படம் எடுத்து, அளந்து, திரும்ப விடும் அந்தச் சில நிமிடத்துக்குள் சிறு மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும். பென்சில்வேனியாவில், கண்ணுக்குத் தெரியும் கூட்டின் மேல் திரும்பத் திரும்ப வீசுவது சட்டப்படியே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில், சுற்றிலும் பாசி படிந்த மங்கலான அடிக்கு நடுவே, கழுவி வைத்த மாதிரி வெளுத்த ஒரு வட்டமும் அதன் மேல் ஆடாமல் நிற்கும் ஒரு மீனும் தெரிந்தால், போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்தால் இது நன்றாகவே தெரியும், அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள். அதில் கால் வைத்தும் நடக்காதீர்கள். ஓரத்தில் நடக்கும்போது கறுப்புக் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டாலும் அதே மரியாதை.

சரி, இரண்டாவது வகைக்கு வருவோம். அவை எங்கே இருக்கும் என்பதைத் தண்ணீரின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. மலிவான ஒரு தண்ணீர் வெப்பமானி வாங்கிக் கயிற்றில் கட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இருபது லூரை விட அது உதவும். 60லிருந்து 65 வரை இருந்தால் மீன் இன்னும் கூடு கட்டிய பகுதிகளுக்குப் பக்கத்தில், மடு முடிந்து தண்ணீர் மறுபடி ஆழம் குறையும் இடத்தில், மெதுவான ஓரத்தில் இருக்கும். 65ஐத் தாண்டிவிட்டால் நீரோட்டத்துக்குள் ஏற ஆரம்பிக்கும். 70, 75 என்று போகும்போது கல் மேல் சலசலத்து ஓடும் இடங்களுக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஏனென்றால் பிராணவாயு அங்கேதான் அதிகம், இரையும் அங்கேதான். ஜூன் மாதத்துக்குள்ளேயே இந்த மூன்று கட்டமும் நடந்துவிடும். அதனால்தான் "போன வாரம் இங்கே பிடித்தேன், இந்த வாரம் ஒன்றும் இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். மீன் இருநூறு அடி மேலே ஏறியிருக்கும், அவ்வளவே. 80 டிகிரியைத் தொட்டுவிட்டால் நான் மதியத்தில் வீசுவதை நிறுத்திவிடுவேன், அந்த வெப்பத்தில் போராடிய மீன் விட்ட பிறகும் தேறாமல் போகலாம்.

இப்போது தண்ணீரைப் பார்க்கும் விஷயம். ஹாரிஸ்பர்க்குக்கு மேலே இந்த ஆறு பீட்டர்ஸ் மவுண்டன், செகண்ட் மவுண்டன், புளூ மவுண்டன் என்று மலைகளை வரிசையாக அறுத்துக்கொண்டு வருகிறது. அந்த மலைகளின் கெட்டிப் பாறை ஆற்றுக்கு அடியிலும் தொடர்வதால், டங்கனனிலிருந்து ராக்வில் பாலம் வரைக்கும் ஆற்றின் குறுக்கே வரப்பு வரப்பாகப் பாறை ஓடுகிறது. தண்ணீர் குறைந்த காலத்தில் ஏதாவது மேட்டிலிருந்து பார்த்தால் அந்த வரப்புகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு வரப்புக்கும் கீழே தண்ணீர் தோண்டிய பள்ளம், வரப்பின் உடைப்புகளில் வேகமாகப் பாயும் நாக்கு, அந்த நாக்கின் இரு பக்கமும் மெதுவான தண்ணீர். மீன் நிற்பது வேகத்திலும் அல்ல, தேக்கத்திலும் அல்ல. இரண்டும் உரசும் கோட்டில், மெதுவான பக்கத்தில் உடம்பை வைத்துக்கொண்டு வேகமான பக்கத்தைப் பார்த்தபடி நிற்கும். அடித்துக்கொண்டு வரும் இரையை ஒரு பாய்ச்சலில் எடுத்துக்கொண்டு திரும்ப வந்துவிடும். செலவு குறைவு, வரவு அதிகம்.

ஒரே ஒரு பாறையை எடுத்துக்கொள்ளுங்கள், எருமை முதுகு அளவுக்குத் தண்ணீரிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. எல்லோரும் அதன் பின்னால் இருக்கும் அமைதியான தண்ணீரில் நேராக வீசுகிறார்கள். அங்கேயும் மீன் இருக்கலாம். ஆனால் பாறையின் முன்பக்கத்தைப் பாருங்கள். வந்து மோதும் தண்ணீர் பாறையில் பட்டுத் திரும்பி, முன்னால் ஓர் அடி அகலத்துக்கு ஒரு மெத்தை போல வேகம் இறந்த பகுதியை உண்டாக்கும். பெரிய மீன் அடிக்கடி அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் வரும் இரையை முதலில் பார்ப்பது அதுதான். ஆகவே முதல் வீச்சு பாறைக்கு ஆறேழு அடி முன்னால், ஓட்டம் வரும் பக்கத்தில், தண்ணீரே லூரைக் கொண்டுவந்து பாறையின் நெற்றியில் சேர்க்கும்படி. இரண்டாவது வீச்சு பாறையின் தோளை ஒட்டி, உரசும் கோட்டின் வழியாகவே கீழே வரும்படி. மூன்றாவதுதான் பின்பக்கத் தேக்கத்துக்கு, அதிலும் அமைதி முடிந்து இரண்டு ஓட்டமும் மறுபடி சேரும் அந்த முனைக்கு. இந்த மூன்றுக்கும் பதில் வரவில்லை என்றால் அடுத்த பாறைக்கு நகருங்கள். ஒரே இடத்தில் நின்று முப்பது முறை வீசுவது குளத்துப் பழக்கம், ஆற்றில் நடப்பவருக்குத்தான் மீன்.

கரையோரமாக வளரும் வாட்டர் வில்லோ என்ற செடிக் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள், இலை நீளமாக இருக்கும், ஜூனில் வெள்ளையும் ஊதாவுமாகச் சின்னப் பூ பூக்கத் தொடங்கும். அதன் வெளி விளிம்பில் ஓட்டம் தொட்டுக்கொண்டு போனால், விடியற்காலையில் முழங்காலளவுத் தண்ணீரில்கூட நல்ல மீன் வந்து சிறு மீன்களை அடிக்கும். இதைத் தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கி அந்த விளிம்பை மிதித்துக்கொண்டு போய், ஆற்றின் நடுவைப் பார்த்து வீசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. இறங்குவதற்கு முன்னால் காலடித் தண்ணீரில் முதலில் வீசுங்கள்.

ஆறு எந்த உயரத்தில் ஓடுகிறது என்பது அடுத்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஹாரிஸ்பர்க்கில் வைத்திருக்கும் அளவுமானியின் எண்ணை யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்க்கலாம். அது 4 அடிக்கு மேல் காட்டினால் நான் பெரிய ஆற்றில் இறங்கி நடப்பதில்லை, கரையிலிருந்தும் ஓடை வாய்களிலிருந்தும் மட்டும்தான். எண்ணை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். மழைக்குப் பிறகு இறங்கிக்கொண்டே தெளியும் ஆறு மிக நல்லது, ஏறிக்கொண்டே கலங்கும் ஆறு மோசம்.

கலங்கலைப் பற்றி இந்த ஆற்றுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. டங்கனனுக்குப் பக்கத்தில் ஜூனியாட்டா ஆறு மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. சேர்கிறது என்றாலும் உடனே கலப்பதில்லை. ஆறு அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் ஜூனியாட்டாவின் தண்ணீர் மேற்குக் கரையை ஒட்டியே பல மைல் தனியாக ஓடுகிறது, ஹாரிஸ்பர்க்கைத் தாண்டியும் வித்தியாசம் தெரியும். ஜூனியாட்டா பக்கம் மழை பெய்திருந்தால் மேற்குக் கரை செம்மண் கரைசலாகவும் நடு ஆறு தெளிவாகவும் இருக்கும். வடக்கே பெய்திருந்தால் தலைகீழ். நீங்கள் மெக்கானிக்ஸ்பர்க்கிலிருந்து வருவதால் வழக்கமாக மேற்குக் கரைக்குத்தான் போவீர்கள். அங்கே கலங்கியிருந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் பாலம் தாண்டிப் போய் எதிர்க்கரையையும் ஒரு தடவை பாருங்கள். ஸ்மால்மவுத் கண்ணை நம்பி வேட்டையாடும் மீன், இரண்டடி ஆழம் தெரியும் தெளிவு இருந்தால் அதற்குப் போதும்.

நேரம்: ஜூனில் இங்கே ஐந்தரை மணி வாக்கில் சூரியன் வந்துவிடும், அதற்கு அரை மணி முன்னால் கரையில் இருந்தால் எட்டு மணி வரை நல்ல நேரம். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதிலிருந்து இருட்டும் வரை. மேகம் மூடிய நாளில் பகல் முழுக்கவும் கடிக்கும்.

இனி சாமான். ஆறரை அல்லது ஏழு அடி ஸ்பின்னிங் ராடு, மீடியம் அல்லது அதற்கு ஒரு படி குறைவான பலம், 2500 அளவு ரீல், 8 பவுண்டு நரம்பு. பின்னல் நூல் போட்டால் 10 பவுண்டு நூலும், முனையில் ஆறேழு அடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பனும். இதற்கு மேல் தடிமனாகப் போனால் தெளிந்த தண்ணீரில் கடி குறையும்.

இந்த மீனுக்கு இந்த ஆற்றில் முக்கியமான இரை க்ரேஃபிஷ், ஹெல்கிராமைட் என்ற, கல்லுக்கு அடியில் வாழும் கறுப்புப் புழு, அப்புறம் சிறு மீன்கள். ஹெல்கிராமைட் விரல் நீளத்துக்கு இருக்கும், தாடையால் நன்றாகவே கடிக்கும், டாப்சன்ஃப்ளை என்ற பெரிய பூச்சியின் குழந்தைப் பருவம் அது. சலசலப்பில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் இந்த உலகமே தெரியும். பார்த்துவிட்டுக் கல்லைத் திரும்ப அப்படியே வையுங்கள். இவற்றை மனதில் வைத்துக்கொண்டால் லூர் தேர்வு தானாக வரும். அடியில் ஊரும் க்ரேஃபிஷுக்கு ட்யூப் என்ற மூன்று அங்குல ரப்பர் குழல், கரும்பச்சையோ பழுப்போ, 1/8 அவுன்ஸ் தலை. பாறையில் சிக்குவது அதிகமாக இருந்தால் நெட் ரிக் என்று விற்கும் சின்னக் காளான் தலை ஜிக்கில், அதாவது கனத் தலை வைத்த முள்ளில், முக்கால் விரல் நீள ரப்பர் குச்சி, 1/10 அவுன்ஸ். இதைத்தான் புதியவருக்கு முதலில் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் இதைத் தப்பாக ஓட்டுவதே கஷ்டம். ஓட்டம் வரும் பக்கம் வீசி, நரம்பு தொய்யாமலும் விறைக்காமலும் வைத்து, தண்ணீர் கொண்டுவரட்டும் என்று விட்டு, அடியில் தட்டுவதைக் கையில் உணர்ந்தால் போதும். தட்டல் நின்று நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் அது மீன்.

சிறு மீன் வேஷத்துக்கு ஜெர்க்பெய்ட் என்ற, சுண்டி ஓட்டும் நான்கு அங்குல மென்மையான ரப்பர் மீன், வெள்ளை நிறம், எடை எதுவும் இல்லாமல். முட்டையிட்டு முடித்த சோர்வில் இருக்கும் பெரிய பெண் மீனுக்கு ஜூன் முதல் பாதியில் இதற்கு இணை இல்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு முறை சுண்டி, அப்படியே விட்டுவிட வேண்டும். அது செத்துப்போகும் மீன் மாதிரி மெதுவாக அமிழும்போதுதான் கடி. பொறுமையில்லாதவர்களுக்கு இந்த லூர் வேலை செய்யாது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் தண்ணீர் மேல் ஓடும் லூர் ஒன்று, பாப்பரோ வால் சுழலும் வகையோ, அவசியம் வைத்திருங்கள். கண்ணாடி போன்ற தண்ணீர் திடீரென்று வெடிப்பதைப் பார்க்கும் இன்பத்துக்காகவாவது. வெடித்த நொடியில் சுண்டி இழுக்காதீர்கள், மீனின் கனம் ராடில் தெரிந்த பிறகு இழுங்கள்.

ஃப்ளை என்ற, முள்ளில் இறகும் மயிரும் வைத்துக் கட்டிய போலி இரையால் மீன் பிடிக்கிறவர்களுக்கு இந்த ஆறு ஒரு சொந்த ஊர். ஹாரிஸ்பர்க்குக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் மிடில்டவுனில் கடை வைத்திருந்த பாப் க்ளவுசர், இந்த ஆற்றின் ஸ்மால்மவுத்துக்காகவே 1980களில் கட்டிய ஃப்ளைதான் க்ளவுசர் மின்னோ. டம்பெல் மாதிரி இரண்டு பக்கமும் கனமான உலோகக் கண், அதனால் தலைகீழாகப் புரண்டு முள் மேல்நோக்கி நிற்கும், பாறையில் மாட்டாது, இழுத்தால் முன்னேறும், இழுப்பதை நிறுத்தினால் தலைகுப்புற இறங்கும். அதற்கு க்ளவுசரின் பேரைச் சூட்டி உலகத்துக்குத் தெரியப்படுத்தியவர் ஃப்ளை மீன்பிடிப்பு பற்றி நிறைய எழுதிய லெஃப்டி க்ரே. இன்று கடல் மீன் பிடிப்பவர்கள்கூட இதைக் கட்டுகிறார்கள். வெள்ளையும் கிளிப்பச்சையும் கலந்தது இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பின்னிங் ராடிலும் சின்ன ஜிக்காக வேலை செய்யும்.

மண்புழு போடலாமா என்றால், போடலாம், மீன் எடுக்கும், ஆனால் முள்ளை வயிறு வரைக்கும் விழுங்கிவிடும். விட்டுவிட வேண்டிய மீனுக்கு அது சரியில்லை. குழந்தைகளோடு போகும்போது மட்டும், நரம்பு கொஞ்சம் நகர்ந்ததுமே தூக்கிவிடுவதானால் பரவாயில்லை. க்ரேஃபிஷை உயிரோடு ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகவே கூடாது. ரஸ்டி க்ரேஃபிஷ் என்ற வெளியூர் இனம் அப்படித்தான் இங்கே வந்து உள்ளூர் இனங்களைத் தள்ளிவிட்டது.

மீன் மாட்டியதும் முதல் நொடியிலேயே தெரியும், இது ஆழத்துக்கும் போகும், அடுத்த நொடி ஆகாயத்துக்கும் போகும். ரீலின் ட்ராகை, அதாவது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை, இறுக்கி வைக்காதீர்கள், மீன் எம்பும்போது ராடு முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். பன்னிரண்டு அங்குல மீன் என்றால் சின்னது என்று நினைக்க வேண்டாம், பென்சில்வேனியா ஆறுகளில் அந்த அளவுக்கு வளர நான்கைந்து வருஷம் ஆகிறது. இருபது அங்குலம் என்றால் பத்து வருஷத்துக்குப் பக்கம். கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடியுங்கள், பெரிய மீனை அந்தத் தாடையிலேயே படுக்கை வாட்டில் தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுங்கள். வெண்கலப் பக்கத்தில் நிற்கும் கருங்கோடுகளும் சிவந்த கண்ணும் தெரியும், தாடையின் கோடி கண்ணைத் தாண்டிப் போகாமல் இருந்தால் அது ஸ்மால்மவுத், தாண்டினால் அதன் உறவான லார்ஜ்மவுத் பாஸ். முள் நுனிக்குக் கீழே பின்நோக்கி நிற்கும் சிறு கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருப்பில் கழன்றுவிடும். ஓட்டம் மெதுவான இடத்தில் தலையை மேல்நோக்கிப் பிடித்து, அதுவாக வாலை அடித்துப் போகும் வரை கையில் வைத்திருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த கேள்வி குழம்பு பற்றித்தான் இருக்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன். சன்பரி அணையிலிருந்து கீழே ஹோல்ட்வுட் அணை வரைக்கும் சஸ்குவெஹானாவில் பாஸ் மீனை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, பிடித்த உடனே விட வேண்டும். ஜூனியாட்டாவின் கடைசிப் பகுதிக்கும் இதே விதிதான். மாநிலத்தின் மற்றப் பகுதிகளிலும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை பாஸைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். 16 வயது முதல் எல்லோருக்கும் உரிமம் கட்டாயம். பென்சில்வேனியா மீன், படகு ஆணையம் ஒவ்வொரு வருஷமும் விதித் தொகுப்பு வெளியிடுகிறது, விதிகள் மாறும் என்பதால் அந்த வருஷத்துப் பிரதியைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த விதி சும்மா வரவில்லை. 2005 கோடையில் சஸ்குவெஹானாவிலும் ஜூனியாட்டாவிலும் அந்த வருஷம் பிறந்த ஸ்மால்மவுத் குஞ்சுகள் உடம்பில் புண்ணோடு கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அடுத்தடுத்த வருஷங்களிலும் அது தொடர்ந்தது. பெரிய மீன் இருந்தது, அதற்குப் பின்னால் வர வேண்டிய தலைமுறைகள் இல்லாமல் போயின. ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டை அணுக்கள் இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015இல், டங்கனன் பக்கம் பிடிபட்ட ஒரு மீனின் வாயில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று உறுதியானது. அதே வருஷம் மாநிலச் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஆய்வு, ஹார்மோன்களைக் குலைக்கும் ரசாயனங்கள் ஒரு பக்கம், நுண்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் இன்னொரு பக்கம் என இரண்டையும் முக்கியமான காரணங்களாகச் சொன்னது. வயல்களிலிருந்தும் ஊர்க் கழிவுகளிலிருந்தும் வருவதையெல்லாம் சுமக்கிற ஆறு இது. இப்போது மீன்வளம் நன்றாகவே மீண்டிருக்கிறது, எல்லா அளவிலும் மீன் கிடைக்கிறது. அந்தக் கெட்ட வருஷங்களைப் பார்த்த இங்கத்தியவர்கள் ஒரு சிறு மீனையும் பத்திரமாகத் திரும்ப விடுவதற்குக் காரணம் இதுதான், நாமும் அப்படியே செய்வோம்.

சொல்லப்போனால் ஸ்மால்மவுத்தே இந்த ஆற்றுக்குப் பூர்வீகம் அல்ல. அதன் சொந்த இடம் பெரிய ஏரிகளும் ஒஹையோ, மிசிசிப்பி பக்கத்து ஆறுகளும். 1854இல் ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வைத்து மலை தாண்டிக் கொண்டுவந்து பொட்டோமாக்கில் விட்டார்கள், சஸ்குவெஹானாவுக்கு அதற்குப் பிறகு வந்தது. நூற்றைம்பது வருஷத்தில் ஊர்க்காரனாகிவிட்டது. அதே மாதிரி இப்போது வந்துகொண்டிருப்பது ஸ்னேக்ஹெட், நம் விராலின் வடக்கத்திய உறவு, 2002இல் மேரிலாந்தின் க்ராஃப்டனில் ஒரு குளத்தில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய செய்தியானது. சஸ்குவெஹானாவின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அது மாட்டினால் திரும்ப விடக் கூடாது, கொன்றுவிட்டு ஆணையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழம்புக்கு ஆசைப்பட்டவர்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கட்டும், மாநிலத்தில் பிடிக்கும் எந்த மீனையும் வாரம் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்ற பொது அறிவுரையை மட்டும் மறக்காதீர்கள்.

பாதுகாப்பு. ஹாரிஸ்பர்க்கில் சிட்டி ஐலண்டுக்குக் கீழே டாக் ஸ்ட்ரீட் அணை என்று ஒன்று இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் அணை இருப்பதே தெரியாது, தண்ணீர் ஒரு படி இறங்குகிற மாதிரித்தான் இருக்கும். அதற்குக் கீழே தண்ணீர் உருண்டு திரும்பி மேல்நோக்கி இழுக்கும், அதில் சிக்கியவர் வெளியே வர முடியாது, நீச்சல் தெரிந்தவர்களும் மிதவைச் சட்டை போட்டவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். அதன் மேலேயும் கீழேயும் கிட்டவே போகாதீர்கள். நாளைக்குக் கயாக் வாங்கினாலும் முதலில் மனதில் பதிய வேண்டிய இடம் அது. நடந்து இறங்கும்போது அடி பூராவும் பாசி படிந்த வழுக்குப் பாறை, வரப்புக்கு அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கலாம். கம்பு ஒன்று, அடியில் ஆணி வைத்த காலணி, மிதவைச் சட்டை, பக்கத்தில் ஓர் ஆள். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நகர்த்துங்கள், ஒரு கால் ஊன்றிய பிறகுதான் அடுத்த கால்.

கயாக் இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது என்றால், கிழக்குக் கரையில் ஃபோர்ட் ஹண்டர், மேற்குக் கரையில் மேரிஸ்வில், இரண்டுக்கும் பக்கத்தில் பாறை வரப்புகள் கரைக்கு அருகிலேயே வருகின்றன. 1902இல் கட்டிய ராக்வில் கல் பாலம், 48 வளைவு உள்ளது, அங்கிருந்தே தெரியும். ஆனால் உங்கள் முதல் மீனுக்கு நான் பெரிய ஆற்றையே சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வளைந்து வளைந்து ஓடும் கானடாக்வினெட் ஓடைக்குப் போங்கள், அல்லது டங்கனனில் சேரும் ஷெர்மன்ஸ் ஓடைக்கு. அதே மீன், அதே பாறை, அதே உரசும் கோடு, எல்லாம் ஒரு வீச்சுக்குள் அடங்கிய அளவில் இருக்கும். தண்ணீர் எங்கே வேகம் இறந்து எங்கே திரும்புகிறது என்று அங்கே ஒரு காலைப் பொழுதில் கண்ணுக்குப் பழகிவிடும். நெட் ரிக் ஒரு பாக்கெட், வெள்ளை ஜெர்க்பெய்ட் ஒரு பாக்கெட், வெப்பமானி, குறடு, கண்ணாடி, இவ்வளவு போதும். அங்கே மூன்று நான்கு மீன் பிடித்துக் கை தேறிய பிறகு, ஜூன் கடைசியில் பெரிய ஆறு 4 அடிக்குக் கீழே இறங்கும் வாரத்தில் ஃபோர்ட் ஹண்டருக்கு விடியற்காலையில் வாருங்கள், கரையை ஒட்டிய செடி விளிம்பிலிருந்து ஆரம்பித்து மெதுவாக வெளியே போங்கள்.